பலகை வைத்த பிறகு கேட்டால் பயனில்லை: சென்னையின் கட்டட உயர விதிகளும் கருத்துக் கேட்பும்

எங்கள் தெருவில் ஒரு பழைய ஓட்டு வீடு இருந்தது. ஒரு கிரவுண்ட் மனை. முன்னால் வேப்பமரம், பின்னால் கிணறு, குடியிருந்தவர்கள் ஐந்து பேர். பெரியவர் காலமானதும் பிள்ளைகள் மனையை ஒரு பில்டரிடம் கொடுத்தார்கள். இப்போது அங்கே கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு தளம், எட்டு வீடுகள். அதற்கு வடக்கே உள்ள வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா இருக்கிறார். மார்கழியிலும் தையிலும் அவர் வீட்டு மொட்டை மாடியில் இப்போது துணி காய்வதில்லை. வேலை பாதி முடிந்திருந்த சமயத்தில் ஒரு நாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, கட்டறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துல ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்களா? நான் வீட்லதானே இருந்தேன்?"

அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் பார்த்தபோது கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. வரைபடம் விதிக்கு உட்பட்டிருந்தால் அனுமதி கொடுத்தாக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பிடித்திருக்கிறதா, தெருவில் தண்ணீர் வருகிறதா என்றெல்லாம் அந்தக் கட்டத்தில் யாரும் விசாரிப்பதில்லை. மனைக்கு முன்னால் அனுமதி எண் போட்ட பலகை நிற்கும்போது பேச வேண்டியதெல்லாம் பேசி முடிந்திருக்கும். நாம் அங்கே இல்லாத நேரத்தில் பேசி முடித்திருப்பார்கள்.

பெரிய திட்டமென்றால் நிலைமை மாறும் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. ஒரு சுரங்கத்துக்கோ ரசாயன ஆலைக்கோ மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஊர் கூடிப் பேசலாம். ஆயிரம் வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுப்புக்கு அந்தக் கூட்டம் கிடையாது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் திட்டத்தின் வரைபடத்தைப் பார்க்கலாம். பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஆக, ஒரு தெரு எவ்வளவு உயரலாம், அதில் எத்தனை பேர் குடியேறலாம் என்பதில் சாதாரண மனிதருக்கு வாய் திறக்கக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். விதி எழுதப்படும் நேரம். சென்னைக்கு 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம், அதாவது மாஸ்டர் பிளான், தயாராகி வரும் காலம் இது. அதனால்தான் விதிகளைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எஃப்.எஸ்.ஐ. தமிழில் தளப்பரப்புக் குறியீடு என்பார்கள். பில்டர் முதல் பத்திர எழுத்தர் வரை எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்றுதான் சொல்கிறார்கள். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண் அது. ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. 1.5 என்றால் எல்லாத் தளங்களையும் சேர்த்து 3,600 சதுர அடி கட்டலாம். 2 என்றால் 4,800. எங்கள் தெரு ஓட்டு வீட்டு மனையில் எட்டு வீடுகள் எழுந்த கணக்கு இதுதான்: வீட்டுக்கு 600 சதுர அடி. ஸ்டில்ட் எனப்படும் தூண்களுக்கு நடுவிலான கார் நிறுத்தம் இந்தக் கணக்கில் சேராது. அதனால் நான்கு தளம் கட்டினாலும் தெருவிலிருந்து பார்த்தால் ஐந்து தள உயரம்.

சென்னையில் 1.5 என்ற எண் நெடுங்காலம் நின்றது. சாதாரணக் கட்டடத்துக்கு நான்கு தளம், சுமார் 50 அடி உயரம் என்ற கணக்கும் அப்படித்தான். நகரத்துக்கு உயரமான கட்டடம் புதிதொன்றும் இல்லை. அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டபோது, 177 அடியில், இந்தியாவிலேயே அதுதான் உயரமானது. ஆனால் அதன் பிறகு பம்பாய் போல மெட்ராஸ் மேல்நோக்கி வளரவில்லை. 1975-ல் அந்தக் கட்டடத்தில் பெரிய தீ விபத்து நடந்தது. முதல் முழுமைத் திட்டம் அங்கீகரிக்கப்பட்டதும் அதே 1975-ல்தான். இரண்டாவது முழுமைத் திட்டம் வந்தது 2008-ல். நடுவில் 33 வருடங்கள். 1995-ல் ஒரு வரைவு வந்து, வழக்குகளில் சிக்கி, திருப்பி எழுதப்பட்டு, ஒருவழியாக நிறைவேறியது. அந்த இடைவெளியில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் என்னவாக மாறின என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம்.

பெரிய மாற்றம் 2019 பிப்ரவரியில் வந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். மாநகராட்சிக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று சிதறிக் கிடந்தவற்றை ஒரே புத்தகமாக்கினார்கள். அது நல்ல காரியம், அதில் சந்தேகமில்லை. கூடவே எண்களும் மாறின. சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 1.5-லிருந்து 2 ஆனது. அதற்கான உயர வரம்பு 18.30 மீட்டர், அதாவது 60 அடி ஆனது. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். 18 மீட்டர் அகலச் சாலையில் அதற்கு 2.5 என்றிருந்தது 3.25 ஆனது. இதற்கு மேல் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. என்று ஒன்று உண்டு. அரசு நிர்ணயிக்கும் நில விலையான வழிகாட்டி மதிப்பை வைத்துக் கணக்கிட்ட பணத்தை அரசுக்குக் கட்டினால் கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். சாலை 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் என்றால் 30 சதவீதம், 12-லிருந்து 18-க்குள் என்றால் 40, 18-ம் அதற்கு மேலும் என்றால் 50. அகலமான சாலையில் உயர்மாடிக் கட்டடம் இப்படி 4.87 வரை போகலாம்.

இந்தச் சாலை அகலத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவேன்.

உயரத்தையும் நெருக்கத்தையும் எஃப்.எஸ்.ஐ.யையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். கூட்டங்களில் பாதி நேரம் இதிலேயே போகிறது. மூன்றும் வேறு வேறு. அதே 4,800 சதுர அடியை மனை முழுக்கப் பரப்பி இரண்டே தளமாகவும் கட்டலாம், பாதி மனையைத் திறந்தவெளியாக விட்டுவிட்டு நான்கு தளமாகவும் கட்டலாம். எஃப்.எஸ்.ஐ. ஒன்றுதான், உயரம் இரட்டிப்பு. சொல்லப்போனால் உயர்ந்த கட்டடத்தில்தான் மரத்துக்கும் மழைநீருக்கும் இடம் மிஞ்சும். அதேபோல, அந்த 4,800 சதுர அடியில் வசதியான இரண்டு குடும்பங்கள் ஆளுக்கு 2,400 சதுர அடியில் வாழலாம், எட்டுக் குடும்பங்கள் 600 சதுர அடியில் வாழலாம். எஃப்.எஸ்.ஐ.யும் உயரமும் மாறவில்லை, ஆட்கள் நான்கு மடங்கு. மனை விலை எகிறிப் போன இடங்களில் எஃப்.எஸ்.ஐ.யைக் கூட்டினால் புதிதாகக் குடும்பங்கள் வராமல், இருக்கும் குடும்பங்களின் வரவேற்பறை மட்டும் பெரிதாகலாம். 'வீட்டுத் தட்டுப்பாட்டைத் தீர்க்கவே எஃப்.எஸ்.ஐ.யை உயர்த்துகிறோம்' என்று ஒரு வரைவு சொன்னால், எவ்வளவு சிறிய வீடுகள், எந்த விலையில், யாருக்கு என்று கேட்க வேண்டியது அதனால்தான்.

உயர விதியைத் தளர்த்துவதே தவறு என்று நான் நினைக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் பழைய சென்னை மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். இவ்வளவு பேரும் வேலைக்குப் பக்கத்தில், ரயிலுக்குப் பக்கத்தில் வீடு தேடுகிறார்கள். உள்ளே கட்ட விடவில்லை என்றால் நகரம் வெளியே வழியும். ஏரிக்குள்ளும் வயலுக்குள்ளும் போகும். அறுபது கிலோமீட்டர் தள்ளி வீடு வாங்கி, தினமும் மூன்று மணி நேரம் பயணம் செய்யும் இளம் தம்பதிகளை எனக்குத் தெரியும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவர்கள் வர முடியாது, ஏனென்றால் கூட்டம் நடக்கும் பகுதியில் அவர்கள் இல்லை. மனை உள்ளவர் பேசுகிறார். இனிமேல் அங்கே குடிவரப் போகிறவருக்குக் குரல் இல்லை. எங்கள் தெருப் பெரியவர்களோடு நின்று ஆட்சேபணை எழுதும்போதெல்லாம் இது என்னை உறுத்துகிறது, உறுத்தவும் வேண்டும்.

அப்புறம், நாற்பது வருடப் பழைய அடுக்கு வீடுகள். கம்பி துருப்பிடித்து, சிமென்ட் உதிர்ந்து, இடித்துக் கட்டியே ஆக வேண்டிய நிலையில் நகரம் முழுக்க இருக்கின்றன. 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். ஆனால் பில்டர் சொந்தச் செலவில் கட்டித் தர வேண்டுமென்றால் அவருக்கு விற்க வீடு மிஞ்ச வேண்டும். பழைய எஃப்.எஸ்.ஐ.யில் அது மிஞ்சாது. இதுவும் உண்மை.

சரி, பிறகு என்னதான் பிரச்சினை? கட்டடத்தின் உயரம் ஒரே அரசாணையில் கூடிவிடுகிறது. அதைத் தாங்க வேண்டிய குழாயும் சாக்கடையும் தெருவும் அந்த வேகத்தில் வளர்வதில்லை.

தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரங்களுக்கு மத்திய அரசின் கையேடு வைத்திருக்கும் கணக்கு. ஓட்டு வீட்டின் ஐந்து பேருக்கு 675 லிட்டர். எட்டு வீடுகளுக்கு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால், 4,320 லிட்டர். ஒரு 9,000 லிட்டர் லாரி இரண்டு நாள்தான் வரும். அந்த லாரி எங்கள் தெருவுக்குள் வந்தால் திரும்ப முடியாது. தெரு முனை வரை ரிவர்ஸிலேயே போகிறது, கிளீனர் பையன் பின்னால் நடந்துகொண்டே 'வா, வா' என்று கத்துவான். காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரு எழுந்திருக்கிறது. இப்படி மாறிய மனை எங்கள் தெருவில் மட்டும் ஏழு. கிணற்றை மூடியாயிற்று. போர்வெல் ஆழம் போய்விட்டது. எஃப்.எஸ்.ஐ. உயர்ந்த அதே 2019-ன் ஜூனில் நகரத்தின் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விதி மாறியதால் வறட்சி வந்தது என்று சொல்லவில்லை. எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் நகரத்தில் இந்த எண்களை மாற்றுகிறோம் என்று சொல்கிறேன்.

நிலத்தடி நீரை மனதில் வைத்து எழுதிய விதியும் நம்மிடம் இருக்கிறது. திருவான்மியூருக்குத் தெற்கே கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கடலோர மணல் பகுதியை நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்று இரண்டாவது முழுமைத் திட்டம் குறித்தது. நகரத்தின் மற்ற இடங்களைவிட அங்கே கட்டும் அளவு வெகுவாகக் குறைக்கப்பட்டது. மழையை மணல் குடிக்கட்டும், கடல் நீர் உள்ளே வராமல் இருக்கட்டும் என்பதற்காக. மண்ணின் தன்மையைப் பார்த்து உயரத்தைத் தீர்மானித்த விதி அது. மற்ற பகுதிகளுக்கும் விதி இப்படித்தான் எழுதப்பட வேண்டும் என்பது என் ஆசை. குழாய் எவ்வளவு தாங்கும், சாக்கடை எவ்வளவு தாங்கும், எந்தத் தெருவில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும் என்று பார்த்துவிட்டுப் பிறகு எண்ணைப் போட வேண்டும். இப்போது பெரும்பாலும் சாலை அகலம் ஒன்றைத்தான் பார்க்கிறார்கள்.

தீயும் அப்படித்தான். 18.30 மீட்டரைத் தாண்டினால், 30 மீட்டர் உயரம் வரை, நான்கு பக்கமும் 7 மீட்டர் காலியாக விட வேண்டும். செட்பேக் என்பது இந்தக் காலி இடம்தான். 30 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மீட்டர் கூட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி சுற்றி வர வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். 2017 மே 31 அன்று தியாகராய நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடித் துணிக்கடை ஒன்று தீப்பிடித்தது நினைவிருக்கும். உள்ளே நுழைய வழியில்லாமல் சுவரை உடைத்து உடைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். கட்டடத்தையே கடைசியில் இடிக்க வேண்டியிருந்தது. செட்பேக் என்ற சொல் வெறும் காகித விஷயமில்லை என்பதை அன்றைக்குத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது.

ஏழைகளுக்கு உயரம் என்பது வேறு ஒரு கதை. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி வாரியக் குடியிருப்புகளில் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடியமர்த்தினார்கள். லிஃப்ட் நின்றால் கர்ப்பிணியும் வயதானவரும் மேலேயே இருக்க வேண்டும். மீன் விற்றவரும் வீட்டு வேலை செய்தவரும் கூடையையும் தண்ணீர்க் குடத்தையும் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். உயரத்துக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, அதை மாதாமாதம் யாராவது கொடுக்க வேண்டும். எந்த விதியிலும் இந்தச் செலவுக்கு ஒரு பத்தி இருப்பதில்லை.

இப்போது கருத்துக் கேட்புக்கு வருகிறேன். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 சொல்வது இது: முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். எழுத்து மூலம் ஆட்சேபணையும் ஆலோசனையும் தர இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும். எழுதியவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் முழுமைத் திட்டம் இருபது வருடத்துக்கு ஒரு முறை வருவது. நடுவில் விதிகளின் திருத்தங்கள் பெரும்பாலும் அரசாணையாக வந்துவிடுகின்றன. சிறிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு 12 மீட்டர் என்றிருந்த உயர வரம்பு 2024-ல் 14 மீட்டர் ஆனது. ஸ்டில்ட்டின் மேல் மூன்று தளம் கட்டுபவர்களுக்கு நியாயமான சலுகைதான். இருந்தாலும் எங்கள் தெருவில் அதைத் தெரிந்துகொண்டவர்கள், பில்டரைத் தவிர, செய்தித்தாள் பார்த்தவர்கள்தான்.

எங்கள் பக்கத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. திருமண மண்டபம், வேலை நாள், காலை பதினொரு மணி. வந்தவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், அப்புறம் நான்கைந்து பில்டர்கள். திரையில் ஓடியதெல்லாம் ஆங்கிலம். வரைபடத்தில் எங்கள் வார்டு கட்டைவிரல் நகத்தளவு இருந்தது. இளம் அதிகாரி ஒருவர் பொறுமையாகவே விளக்கினார், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் எங்களுக்கு அந்நியம். மொட்டை மாடி அம்மாவும் வந்திருந்தார். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றார்.

"தம்பி, நீங்க சொல்ற நம்பரெல்லாம் எனக்குப் புரியல. எங்க தெருவுல இனிமே எத்தன மாடி கட்டலாம், என் கிணத்துல தண்ணி நிக்குமா, மாடியில வெயில் வருமா. இந்த மூணை மட்டும் சொல்லுங்க."

அதிகாரி சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அம்மா, முதல் கேள்விக்கு மட்டும்தான் எங்கிட்ட பதில் இருக்கு" என்றார். அவர் நேர்மையாகச் சொன்னார். அந்த ஒரு வரியை நான் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். கருத்துக் கேட்புகளின் குறை என்ன என்று யாராவது கேட்டால் இதைத்தான் காட்டுவேன். அந்த மூன்று கேள்விகளும் மூன்று அலுவலகங்களுக்கு உரியவை, மூன்றும் ஒரே மேசைக்கு வருவதில்லை. கூட்டம் முடிந்ததும் என் மனுவை நீட்டினேன், ஒப்புகைச் சீட்டு கேட்டேன். "மெயில் போடுங்க சார்" என்றார்கள். போட்டேன். பதில் வரவில்லை.

ஆனாலும் இதெல்லாம் வெறும் சடங்கு என்று ஒதுங்கிவிட முடியாது. மும்பையைப் பாருங்கள். 2034 வரைக்குமான வளர்ச்சித் திட்டத்தின் வரைவு 2015 பிப்ரவரியில் வெளியானது. சில இடங்களில் எஃப்.எஸ்.ஐ. 8 வரை போகலாம் என்றது. மக்கள் குழுக்கள் வரைபடத்தைத் தாள் தாளாக எடுத்து, தங்கள் தெருக்களோடு வைத்து ஒப்பிட்டார்கள். இருக்கும் கட்டடங்களின் மேல் சாலை ஓடியது. பாரம்பரியக் கட்டடங்கள் விடுபட்டிருந்தன. ஆட்சேபணைகள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. ஏப்ரலில் முதல்வர் தேவேந்திர பட்னாவிஸ் அந்த வரைவைத் திருத்தி எழுதச் சொன்னார். மறுபடி வரைந்து, மறுபடி கருத்துக் கேட்டு, 2018-ல்தான் நிறைவேறியது. 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று கத்தியிருந்தால் மட்டும் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம். 'இந்தத் தாளில், இந்த இடத்தில், இது தவறு' என்று சுட்டிக்காட்டியதில்தான் பலம் இருந்தது.

விதி புரிந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், மதுரை இருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கே நீண்ட காலமாக உண்டு. தெற்குக் கோபுரம் 170 அடி. அதை எந்தக் கட்டடமும் மறைக்கக் கூடாது என்பதை மதுரையில் குழந்தைக்கும் விளக்க வேண்டியதில்லை. இவ்வளவு தெளிவான விதியையும் மீறிக் கட்டினார்கள், விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனது. சென்னையில் மீறியவற்றுக்கு வரன்முறை என்ற பெயரில் அபராதம் வாங்கி ஒப்புக்கொள்ளும் பழக்கமே வந்துவிட்டது. 1999 பிப்ரவரி வரை கட்டியவற்றுக்கு ஒரே ஒரு முறை என்று ஆரம்பித்ததை வருடா வருடம் நீட்டினார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதல் சலுகையை ஏற்று, பிந்தைய நீட்டிப்புகளை ரத்து செய்தது. பிறகு 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவற்றுக்கு இன்னொரு சட்டப் பிரிவு வந்தது. புதிய உயர விதியை மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இந்த வரலாறு போதும். வரம்பு 60 அடி என்றால் 70 அடி எழும், பிறகு அதற்கும் ஒரு சலுகை வரும் என்றே நினைக்கிறார்கள். இந்தச் சந்தேகத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கருத்துக் கேட்பில் விதியைப் பற்றி எவ்வளவு கேட்கிறோமோ அவ்வளவு அமலாக்கத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். எத்தனை கட்டடங்களுக்கு நிறைவுச் சான்று கொடுத்தீர்கள், எத்தனை மீறல்களை நிறுத்தினீர்கள், எங்கள் வார்டில் எத்தனை?

உயர விதிக்கு எட்டாத விஷயமும் உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் வெளியூரிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். மீதமிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே கேள்வி எத்தனை மாடி என்பதைவிட, தூண் தாங்குமா, மண் தாங்குமா என்பது. உயரத்தைக் கூட்டும் எந்த வரைவோடும், மண் பரிசோதனையையும் கட்டமைப்பு வரைபடத்தையும் பொறுப்பேற்று யார் சரிபார்ப்பார் என்ற வரியும் வர வேண்டும்.

ஆட்சேபணை எழுத உட்காருபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். மொத்தமாக எதிர்க்காதீர்கள். 'உயரமே வேண்டாம்' என்ற மனுவைப் பதிவு செய்து ஓரமாக வைத்துவிடுவார்கள். விதி எண், தெருப் பெயர், உங்கள் பக்கத்து நிலவரம் என்று எழுதுங்கள். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.யில் வசூலாகும் பணம் எந்தப் பகுதியில் வசூலானதோ அங்கேயே குழாய்க்கும் வடிகாலுக்கும் செலவாக வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் வார்டில் இதுவரை எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் மனுவுக்கு எடை கூடும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும். அப்படி ஒப்படைத்த இடங்கள் உங்கள் பகுதியில் இப்போது பூங்காவாக இருக்கின்றனவா, பூட்டிக் கிடக்கின்றனவா என்று போய்ப் பாருங்கள். சிறிய வீடுகளும் வாடகை வீடுகளும் கட்டுபவருக்குக் கூடுதல் சலுகை கொடுங்கள் என்றும் எழுதலாம், நாங்கள் எழுதினோம். வரைவின் தமிழ் வடிவத்தைக் கேட்பது உரிமை, தயங்காதீர்கள். தபாலில் அனுப்பினால் ஸ்பீட் போஸ்ட். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிராமங்களில் கிராம சபை இருப்பது போல நகரங்களில் 2022-லிருந்து பகுதி சபை உண்டு. தெருவிளக்கு, குப்பை என்று பேசிவிட்டுக் கலைகிறார்கள். வரைவை அங்கே கொண்டுபோய், அந்த வார்டு வரைபடத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மாலையில் தமிழில் பேசினால் வேலைக்குப் போகிறவர்களும் வாடகைக்கு இருக்கிறவர்களும் வருவார்கள். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம்.

சாலை அகலத்துக்குத் திரும்ப வருகிறேன் என்றேன். எங்கள் தெரு ஆவணத்தில் 30 அடி, அதாவது 9 மீட்டரை ஒட்டி. 9 மீட்டர் என்று கணக்கில் ஏறினால் ஒவ்வொரு மனையும் பணம் கட்டி 30 சதவீதம் கூடுதலாகக் கேட்கலாம். ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி 6,240 ஆகும். சில அங்குலங்களில் இருக்கிறது விஷயம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மொட்டை மாடி அம்மாவின் பேரனும் நானும் தச்சர் ஒருவரிடம் டேப் வாங்கிக்கொண்டு அளந்தோம். முனையில் 29 அடி. டிரான்ஸ்ஃபார்மர் அருகே 21. பிள்ளையார் கோயில் பக்கத்தில் 24. கார் ஏற்றுவதற்குப் போட்ட சிமென்ட் சரிவுகள் இருக்கும் இடங்களில் எங்குமே 23-ஐத் தாண்டவில்லை. அந்தச் சரிவுகளில் ஒன்று என் வீட்டினுடையது. அதையும் எழுதினோம். ஒவ்வோர் இடத்திலும் ஒரு போட்டோ, கதவு எண், அளவு. அம்மா திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் கையெழுத்தில் எழுதினார். இன்னும் இரண்டு தெரு பாக்கி இருக்கிறது. வரைவு வருவதற்குள் முடித்துவிடுவோம்.